முடி எவ்வளவு கொட்டுகிறது? பார்த்து, எண்ணி, அளந்து அறிவோம்

1. பேச்சியம்மாளின் கவலை

மும்பை நகரத்தில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் பலர். சில குடும்பங்கள் இட்லி அவித்து விற்றுப் பிழைக்கின்றன. பேச்சியம்மாள் குடும்பமும் அப்படித்தான்.

பேச்சியம்மாளுக்கு வயது 27. கைக்குழந்தைக்கு நான்கு மாதம். ஒரு மாதமாக அவளுக்குத் தலைமுடி கொட்டுகிறது. சீப்பில் முடி. தலையணையில் முடி. குளிக்கும் இடத்தில் முடி. இட்லி மாவில் விழுந்துவிடுமோ என்று பயந்து, தலையில் துணி கட்டிக்கொண்டுதான் மாவு ஆட்டுகிறாள்.

மாமியார் சொன்னார்: “பிள்ளை தாய் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா முடி கொட்டத்தான் செய்யும்.”

பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: “பம்பாய்த் தண்ணி சரியில்லை. அதான்.”

இன்னொருத்தி சொன்னாள்: “பால் கொடுக்கிறதை நிறுத்து. சத்தெல்லாம் அதிலே போகுது.”

ஆளுக்கு ஒரு பேச்சு. பேச்சியம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை.

2. எண்ணெய் விற்றவர்

ரயில் நிலையத்துக்கு வெளியே ஒருவர் மூலிகை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் அவரிடம் போனாள். அவர் அவளுடைய தலையில் தண்ணீர் தெளித்தார். முடியை இரண்டாக வகிர்ந்தார். மொபைல் விளக்கை மேலிருந்து அடித்தார். படம் எடுத்துக் காட்டினார்.

படத்தில் வகிடு அகலமாக, வெள்ளையாகத் தெரிந்தது. பேச்சியம்மாள் அதிர்ந்து போனாள்.

“பாதி முடி போயிடுச்சும்மா. இன்னும் மூணு மாசம் விட்டா வழுக்கைதான். மூணு பாட்டில் வாங்கு. 2,400 ரூபாய்” என்றார் அவர்.

வீட்டில் 2,400 ரூபாய் இருந்தது. கிரைண்டர் மோட்டாரைப் பழுது பார்க்கச் சேர்த்து வைத்த பணம். மோட்டார் நின்றால் மாவு இல்லை. மாவு இல்லாவிட்டால் இட்லி இல்லை. “நாளைக்கு வாறேன்” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

3. மல்லிகா அக்கா வந்தார்

மறுநாள் காலை சுகாதாரப் பணியாளர் மல்லிகா வந்தார். குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். பேச்சியம்மாளின் முகத்தையும் பார்த்தார்.

“என்ன பேச்சி, முகம் வாடியிருக்கு?”

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். பணத்தையும் எடுத்துக் காட்டினாள்.

“பணத்தை உள்ளே வை. முதல்ல எவ்வளவு கொட்டுதுன்னு பார்ப்போம். பயந்துபோய் அளக்கக் கூடாது. அளந்து பார்த்துட்டுப் பயப்படணுமா வேண்டாமான்னு முடிவு செய்வோம்” என்றார் மல்லிகா.

அவர் பேச்சியம்மாளின் ஈரத்தலையை நன்றாகத் துவட்டச் சொன்னார். முடி காயும்வரை காத்திருந்தார். பிறகு வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்தார். அதே வகிட்டை எடுத்துப் படம் பிடித்தார். நேற்று எடுத்த படம் பேச்சியம்மாளின் மொபைலிலும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

நேற்றைய படத்தில் வகிடு அகலமாக இருந்தது. இன்றைய படத்தில் ஒடுக்கமாக இருந்தது.

“ஒரே ராத்திரியிலே முடி முளைச்சிடுச்சா அக்கா?”

“முளைக்கலை. தலை அதேதான். ஈரமும் விளக்கும்தான் மாறியிருக்கு.”

4. ஒரே தலை, பல தோற்றம்

முடி அடர்த்தியாகத் தெரிவதும் குறைவாகத் தெரிவதும் பல காரணங்களால் மாறும்.

ஈரம்: ஈர முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். இடையில் தோல் தெரியும். ஈரத்தலையில் முடி குறைவாகத் தெரியும்.

எண்ணெய்: அதிகம் எண்ணெய் தேய்த்தாலும் முடி ஒட்டிக்கொள்ளும். அப்போதும் தோல் தெரியும்.

வெளிச்சம்: உச்சி வெயில், தலைக்கு மேலே எரியும் விளக்கு, மொபைல் விளக்கு ஆகியவை தோலைப் பளிச்சென்று காட்டும். மங்கிய வெளிச்சம் தோலை மறைக்கும்.

வகிடு: ஒரே இடத்தில் பல ஆண்டு வகிடு எடுத்தால் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். வகிட்டை மாற்றினால் குறைவு மறையும்.

முடியின் நிறம்: தோலும் முடியும் வேறு வேறு நிறமாக இருந்தால் இடைவெளி தெளிவாகத் தெரியும். நரைத்த முடியில் இடைவெளி அவ்வளவு தெரியாது. சாயம் பூசினால் மறுபடி தெரியும்.

முடியின் வகை: சுருட்டை முடி தலையை நன்றாக மூடும். மெல்லிய நேர் முடி அப்படி மூடாது.

எண்ணெய் விற்பவர்கள் சிலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். “முன்பு” என்ற படத்தை ஈரத்தலையில், பளிச்சென்ற விளக்கில் எடுப்பார்கள். “பின்பு” என்ற படத்தை உலர்ந்த தலையில், மங்கிய வெளிச்சத்தில் எடுப்பார்கள். எண்ணெயே தேய்க்காமல் இரண்டு படமும் எடுத்துவிடலாம்.

ஆகவே ஒரு விதியை நினைவில் வைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதே இடம், அதே நேரம், அதே வெளிச்சம், அதே வகிடு. தலை உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் இருக்கக் கூடாது.

5. வீட்டிலேயே அளக்கும் மூன்று வழிகள்

மல்லிகா மூன்று வழிகளைச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் வழி: எண்ணுதல்
வெள்ளைத் துணியை விரிக்க வேண்டும். தலையைக் குனிந்து ஒரு நிமிடம் சீவ வேண்டும். பின்னந்தலையிலிருந்து முன்பக்கமாகச் சீவ வேண்டும். துணியிலும் சீப்பிலும் உள்ள முடியை எண்ண வேண்டும். தலை குளிக்கும் முன்பு இதைச் செய்ய வேண்டும். மூன்று முறை எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த மாதமும் இதேபோல் எண்ண வேண்டும்.

இரண்டாம் வழி: நூலால் அளத்தல்
முடி முழுவதையும் பின்னால் சேர்த்து ஒரே கட்டாகப் பிடிக்க வேண்டும். கட்டின் அடியில் நூலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நூலின் நீளத்தை அளவுகோலில் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை போதும். தினமும் அளந்தால் கவலைதான் வளரும்.

மூன்றாம் வழி: படம் எடுத்தல்
மாதம் ஒரு முறை வகிட்டைப் படம் எடுக்க வேண்டும். மேலே சொன்ன விதிப்படி எடுக்க வேண்டும்.

பேச்சியம்மாள் அன்றே எண்ணினாள். 43 முடி இருந்தது. நூல் 8 சென்டிமீட்டர். இரண்டையும் காலண்டரில் எழுதினாள்.

“43 முடியா! இவ்வளவா அக்கா?”

“கொஞ்சம் அதிகம்தான். ஆனா தலையிலே மொத்தம் எத்தனை முடி இருக்குன்னு தெரியுமா?”

6. முடியின் கணக்கு

நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. இது நோய் அல்ல.

ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளரும். மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் நீளும். பிறகு வளர்ச்சி நிற்கும். ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வில் இருக்கும். அதன் பிறகு விழும். அந்த இடத்தில் புது முடி வரும். மரத்தில் பழுத்த இலை விழுந்து தளிர் வருவது போல.

தினமும் சீவுகிறவருக்குத் தினமும் கொஞ்சம் விழும். நான்கு நாள் சீவாமல் இருந்தால் நான்கு நாள் முடியும் ஒன்றாக வரும். அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. எத்தனை நாள் முடி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

விழுந்த முடியின் நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரியும். “வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது” என்று பலர் நினைக்கிறார்கள். அது வேர் அல்ல. ஓய்வு முடிந்து விழும் முடியின் அடிப்பகுதிதான் அது. முடியை முளைக்க வைக்கும் வேர்ப்பை தோலுக்குள்ளேயே இருக்கிறது. குமிழ் இல்லாமல் துண்டாக வந்தால் முடி நடுவில் உடைந்திருக்கிறது என்று பொருள்.

7. பிள்ளை சிரித்ததாலா முடி கொட்டியது?

மாமியார் சொன்னதில் பாதி சரி.

கர்ப்ப காலத்தில் முடி அதிக நாள் வளர்ந்துகொண்டே இருக்கும். விழ வேண்டிய முடியும் விழாமல் தங்கிவிடும். தலை அடர்த்தியாகத் தெரியும். பிரசவம் ஆனதும் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து விழும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் அந்த நாட்களில்தான். பெரியவர்கள் காலத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் சிரிப்பு காரணம் அல்ல. பால் கொடுப்பதும் காரணம் அல்ல. முடிக்காகப் பாலை நிறுத்தக் கூடாது. பெரும்பாலான தாய்மாருக்குக் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் முடி பழையபடி ஆகிவிடும்.

டைபாய்டு, டெங்கு, கோவிட் போன்ற காய்ச்சலுக்குப் பிறகும் இப்படிக் கொட்டும். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கொட்டும். சாப்பாடு குறைந்து உடல் திடீரென்று மெலிந்தாலும் கொட்டும். எல்லாவற்றிலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஆகவே முடி கொட்டினால், “மூன்று மாதத்துக்கு முன்பு என்ன நடந்தது?” என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

8. இரத்தப் பரிசோதனை

“பேச்சி, உனக்கு மூச்சு வாங்குதா? களைப்பா இருக்கா?” என்று மல்லிகா கேட்டார்.

“மாவுச் சட்டியைத் தூக்கினா படபடன்னு வருது அக்கா.”

மல்லிகா அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. மாநகராட்சி மருந்தகத்துக்கு அழைத்துப் போனார். ஹீமோகுளோபின் 9 கிராம் இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச் சோகை.

இரத்தச் சோகை நம் நாட்டில் மிகப் பரவலாக இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. இரும்புச் சத்துக் குறைந்தால் முடியும் கொட்டலாம். தைராய்டுக் கோளாறு இருந்தாலும் கொட்டலாம். இவற்றை எண்ணெய் சரி செய்யாது.

மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். பிரசவமான தாய் 180 நாள் இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். மாத்திரை இலவசம். மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது. டீ இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது. கீரை, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றையும் முடிந்தவரை சாப்பிட வேண்டும்.

“பிரசவம் ஆனப்போ கொடுத்த மாத்திரையை என்ன செஞ்சே?” என்று மல்லிகா கேட்டார்.

“அலமாரியிலே கிடக்கு அக்கா. வயிறு பிரட்டுச்சு. விட்டுட்டேன்.”

“சாப்பிட்ட பிறகு, ராத்திரியிலே போட்டுக்கோ. பிரட்டல் குறையும். முடிக்காக மட்டுமில்லை. உனக்குத் தெம்பு வேணும்.”

9. இன்னும் இரண்டு தலைகள்

பேச்சியம்மாளின் கணவர் முருகனுக்கு வயது 41. அவருக்கு உச்சியில் முடி குறைந்திருந்தது. அவர் பக்கத்து முடியை இழுத்து உச்சியை மூடிச் சீவுவார்.

“எனக்கும் மாத்திரை வேணுமா அக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“உங்க அப்பாவுக்கு எப்படி?”

“அவருக்கும் உச்சி காலிதான்.”

இது பரம்பரையாக வருவது. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களும் உச்சியும் மெல்ல மெல்லக் குறையும். பெண்களுக்கு முன் நெற்றி அப்படியே இருக்கும். நடு வகிடு அகலமாகும். இதை அளக்க மருத்துவர்கள் படி வைத்திருக்கிறார்கள். ஹாமில்டன் என்பவர் 1951-இல் ஆண்களின் வழுக்கையை வகைப்படுத்தினார். நார்வுட் என்பவர் 1975-இல் அதைத் திருத்தி ஏழு படிகள் ஆக்கினார். பெண்களுக்கு லுட்விக் என்பவர் 1977-இல் மூன்று படிகள் வகுத்தார். இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. மினாக்சிடில் என்ற மருந்து பலருக்கு ஓரளவு உதவும். நிறுத்தினால் பலனும் போய்விடும். மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. பால் கொடுக்கும் தாய் தானாக வாங்கிப் போடவே கூடாது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. அவன் எப்போதும் தொப்பி போட்டிருந்தான். மல்லிகா தொப்பியை எடுக்கச் சொன்னார். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தில் முடி இல்லை. அங்கே செதில் உதிர்ந்தது. முடி கட்டை கட்டையாக உடைந்திருந்தது. பையன் சொறிந்துகொண்டே இருந்தான்.

“சின்ன இடம்தானே அக்கா. எண்ணெய் தேச்சா சரியாயிடும்னு இருந்தேன்” என்றாள் அவன் தாய்.

“இடம் சின்னது. ஆனா இதைத்தான் முதல்ல கவனிக்கணும்” என்றார் மல்லிகா.

அது தலையில் வரும் படர்தாமரை. ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குத் தொற்றும். களிம்பு மட்டும் போதாது. மருத்துவர் சொல்லும் மாத்திரையைப் பல வாரம் சாப்பிட வேண்டும். சீப்பு, துண்டு, தொப்பி ஆகியவற்றைத் தனியாக வைக்க வேண்டும்.

மூன்று தலைகளையும் பாருங்கள். பேச்சியம்மாளுக்கு நிறைய முடி கொட்டியது. ஆனால் அது திரும்ப வரும். முருகனுக்கு உச்சி காலி. ஆனால் அதனால் கெடுதல் இல்லை. பையனுக்குக் குறைந்தது சின்ன இடம்தான். ஆனால் அவனுக்குத்தான் உடனே மருந்து வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் போதாது. எப்படிக் குறைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

10. சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் இருக்கின்றன. அதில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது. வழுக்கை அந்தப் பட்டியலில் இருக்கிறது. “வழுக்கை நிச்சயம் போகும்” என்று எழுதி மருந்து விற்றால் அது விதிக்கு மாறானது.

இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்போம். தயாரித்தவர் முகவரி இருக்கிறதா? உரிம எண் இருக்கிறதா? தேதி இருக்கிறதா? இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

11. காலண்டர் சொன்னது

பேச்சியம்மாள் எண்ணெய் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் கிரைண்டர் மோட்டார் பழுது பார்க்கப்பட்டது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். மாதந்தோறும் எண்ணி எழுதினாள்.

குழந்தைக்கு 4 மாதம்: சீப்பில் 43 முடி. நூல் 8 செ.மீ.
குழந்தைக்கு 5 மாதம்: சீப்பில் 46 முடி. நூல் 7.5 செ.மீ.
குழந்தைக்கு 7 மாதம்: சீப்பில் 24 முடி. நூல் 7.5 செ.மீ.
குழந்தைக்கு 10 மாதம்: சீப்பில் 11 முடி. நூல் 7.5 செ.மீ.

ஐந்தாம் மாதம் எண்ணிக்கை கூடியது. பேச்சியம்மாள் பயந்தாள். “ஒரு மாசக் கணக்கை வெச்சு முடிவு பண்ணாதே” என்றார் மல்லிகா. ஏழாம் மாதம் பாதியாகக் குறைந்தது. நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நின்றன. புது முடி மாதம் 1 சென்டிமீட்டர்தானே வளரும்? கட்டில் சேர இன்னும் நாளாகும். அதனால்தான் நூலின் அளவு உடனே கூடவில்லை.

ஹீமோகுளோபின் 11.5 கிராம் ஆகியிருந்தது. இப்போது மாவுச் சட்டியைத் தூக்கினால் மூச்சு வாங்குவதில்லை.

நினைவில் வைப்போம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.
• வட்ட வட்டமாக முடி போவது.
• தலையில் செதில், சீழ், வலி, அரிப்பு.
• முடி போன இடம் தழும்புபோல் பளபளப்பாக இருப்பது.
• ஆறு மாதத்துக்கு மேலும் அதிகமாகக் கொட்டுவது.
• முடியோடு களைப்பு, எடை மாற்றம், மாதவிலக்குக் கோளாறு.

இறுக்கிப் பின்னினால் நெற்றி ஓர முடி போகும். தளர்த்திப் பின்ன வேண்டும். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளராது. தோலுக்குள் இருக்கும் வேர்ப்பைகள் கூடுவதில்லை.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ஒரு நாளில் எத்தனை முடி விழுவது இயல்பு?
2. ஈரத்தலையில் முடி ஏன் குறைவாகத் தெரிகிறது?
3. பையனை ஏன் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்?

ஆ. கணக்குப் போடுக.
1. முடி மாதம் 1 சென்டிமீட்டர் வளர்ந்தால் ஒரு ஆண்டில் எவ்வளவு வளரும்?
2. ஒரு பாட்டில் எண்ணெய் 800 ரூபாய். மூன்று பாட்டில் எவ்வளவு? அந்தப் பணத்தில் உங்கள் வீட்டுக்கு என்ன வாங்கலாம்?

இ. செய்து பார்க்க.
ஒரே வகிட்டை ஈரமாக இருக்கும்போதும் உலர்ந்த பிறகும் கண்ணாடியில் பாருங்கள். என்ன வேறுபாடு தெரிந்தது? இரண்டு வரி எழுதுங்கள்.

ஈ. பேசுவோம்.
உங்கள் ஊரில் முடிக்கு என்னென்ன மருந்து விற்கிறார்கள்? அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது? ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.